ஒரு சதவீத எஸ்க்ரோவா, மூன்று சதவீத எஸ்க்ரோவா?

கேள்வி:

அண்ணா, வணக்கம். எங்கள் வீடு காலடிப்பேட்டை. அப்பா காசிமேட்டில் லாஞ்சு இன்ஜின் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். 2012-இல் கடைக்கென்று ஒரு டாட் காம் பெயர் வாங்கினோம், ஆறே எழுத்து. கடையை மூடிவிட்டோம், பெயரை மட்டும் வருடா வருடம் பணம் கட்டி வைத்திருக்கிறோம். போன வாரம் அமெரிக்காவிலிருந்து எழுதுவதாகச் சொல்லி ஒருவர் மெயில் அனுப்பினார், 3,000 டாலர் தருகிறாராம். எஸ்க்ரோ மூலம், அதாவது பணத்தை நடுவில் ஒரு கம்பெனி வாங்கி வைத்திருந்து கொடுக்கும் ஏற்பாட்டில், முடிக்கலாம் என்கிறார். அவர் சொல்லும் எஸ்க்ரோவை நான் கேள்விப்பட்டதே இல்லை, ஆனால் கட்டணம் 1 சதவீதம்தான். பெயர் தெரிந்த கம்பெனிகள் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்கின்றன. என் கொழுந்தனோ, எஸ்க்ரோவே வேண்டாம் அண்ணி, பேபாலில் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறான். எது செலவு குறைவு, எது பத்திரம்?

பதில்:

தங்கச்சி, முதலில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடிக்கும்வரை அந்த ஆளுக்குப் பதில் எழுத வேண்டாம், அவர் அனுப்பிய லிங்க்கை அழுத்தவும் வேண்டாம். இரண்டு நாள் தாமதத்தால் எந்த நல்ல வியாபாரமும் கெட்டுப்போனதை நான் பார்த்ததில்லை.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,000 டாலர் என்பது 2,55,000 ரூபாய். 1 சதவீதக் கட்டணம் 30 டாலர். பெயர் தெரிந்த இடத்தில் 3 சதவீதம் கேட்டால் 90 டாலர். வித்தியாசம் 60 டாலர், நம் பணத்தில் 5,100 ரூபாய். சின்னத் தொகை இல்லைதான், நம் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு மாத மளிகை. ஆனால் அந்த 5,100-ஐ மிச்சம் பிடிக்க இரண்டரை லட்சத்தை யார் கையில் கொடுத்து வைக்கிறோம் என்று தெரியாமல் இறங்குவதா, அதுதான் உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி.

உங்கள் அப்பா கடையில் இன்ஜின் சாமான் கடனுக்குப் போயிருக்கும். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளில்தான் லாஞ்சு ரிப்பேர் வேலையெல்லாம் நடக்கும், ஓனர் கையில் காசு இருக்காது, கடலுக்குப் போய் வந்ததும் தருகிறேன் என்பார், அப்பாவும் கொடுத்திருப்பார். ஏனென்றால் அந்த லாஞ்சு திரும்பவும் காசிமேட்டுக்குத்தான் வந்தாக வேண்டும், ஓனர் வீடு எந்தத் தெரு என்பது அப்பாவுக்குத் தெரியும். மெயிலில் வந்தவரின் படகு எந்தக் கரையில் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் நடுவில் ஒரு பொது ஆள் வேண்டியிருக்கிறது. எஸ்க்ரோ என்றால் அவ்வளவுதான். வாங்குபவர் பணத்தை அந்தப் பொது ஆளிடம் கட்டுவார், பணம் வந்துவிட்டது என்று அவர் உங்களுக்குச் சொல்வார், நீங்கள் பெயரை மாற்றிக் கொடுப்பீர்கள், வாங்கியவர் கைக்கு வந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டதும் பணம் உங்களுக்கு வரும்.

இந்த ஏற்பாடு முழுவதும் அந்தப் பொது ஆள் நிஜமாகவே பொதுவானவராக இருப்பதில்தான் நிற்கிறது. வாங்குபவரே கைப்பிடித்துக் கூட்டி வரும் எஸ்க்ரோ அப்படி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. டொமைன், அதாவது உங்களுடையதைப் போன்ற இணையப் பெயர், விற்பவர்களை ஏமாற்றுவதில் மிகப் பழைய வழி இதுதான். பார்க்க லட்சணமாக ஒரு எஸ்க்ரோ இணையதளத்தை அவர்களே செய்து வைத்திருப்பார்கள். நீங்கள் உள்ளே போனால் "பணம் பெறப்பட்டது, டொமைனை மாற்றவும்" என்று பச்சை நிறத்தில் காட்டும். மாற்றிக் கொடுத்த மறுநாள் அந்தத் தளமே இருக்காது. கட்டணம் 1 சதவீதம் என்று அவர்கள் தாராளமாகப் போட முடியும், ஏனென்றால் அந்த ஒரு சதவீதத்தை வைத்து அவர்கள் பிழைக்கவில்லை. உங்களுக்கு எழுதியவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அவரைத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிலர் விலையெல்லாம் ஒத்துக்கொண்ட பிறகு, "உங்கள் டொமைனுக்கு மதிப்பீட்டுச் சான்றிதழ் வேண்டும், இந்தத் தளத்தில்தான் வாங்க வேண்டும், 100 டாலர்தான் ஆகும், எஸ்க்ரோவில் சேர்த்துத் தந்துவிடுகிறேன்" என்பார்கள். அந்தத் தளமும் அவர்களுடையதுதான். விற்பவர் தன் கையிலிருந்து முதலில் காசு கட்ட வேண்டும் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எஸ்க்ரோ கட்டணம்கூட வரும் பணத்திலிருந்து கழியுமே தவிர, உங்களை முன்பணம் கட்டச் சொல்ல மாட்டார்கள்.

இது எனக்கே நடந்த விஷயமும்கூட. ராயபுரத்தில் கடை போட்ட புதிதில், 2013 என்று நினைவு, தண்டையார்பேட்டை வாடிக்கையாளர் ஒருவரின் டொமைனை நான்தான் விற்றுக் கொடுத்தேன். எஸ்க்ரோ கம்பெனி நல்ல கம்பெனிதான், நானே தேர்ந்தெடுத்தது. ஒரு நாள் இரவு அந்தக் கம்பெனி பெயரிலேயே ஒரு மெயில், அதே லோகோ, அதே எழுத்து, பணம் வந்துவிட்டது பெயரை அனுப்புங்கள் என்று. தூக்கக் கலக்கத்தில் அனுப்பிவிட்டேன். காலையில் எஸ்க்ரோ கணக்கைத் திறந்து பார்த்தால் ஒரு டாலர்கூட வந்திருக்கவில்லை. மெயில் வேறு எங்கிருந்தோ வந்தது, முகவரியில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த வாடிக்கையாளருக்கு 80,000 ரூபாயை ஏழு மாதம் தவணையில் என் கையிலிருந்து கட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. அன்றிலிருந்து ஒரே பழக்கம்: மெயில் என்ன சொன்னாலும், பிரவுசரில் முகவரியை நானே டைப் செய்து, லாகின் செய்து, அங்கே பணம் பத்திரமாக வந்துவிட்டதாகக் காட்டினால் மட்டுமே பெயரைத் தொடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சரி, கொழுந்தன் சொல்வதற்கு வருவோம். பேபாலில் பணம் சீக்கிரம் வரும், உண்மை. ஆனால் வாங்கியவர் தகராறு எழுப்ப அங்கே 180 நாள் அவகாசம் உண்டு. ஆறு மாதம், தங்கச்சி. பணம் வங்கிக்கு வந்து நீங்கள் செலவு செய்துவிட்ட பிறகும் "எனக்குப் பொருள் வரவில்லை" என்றோ "என் கார்டை யாரோ திருடிப் பயன்படுத்திவிட்டார்கள்" என்றோ புகார் வரலாம். பார்சல் அனுப்பினால் கூரியர் ரசீதைக் காட்டலாம். டொமைனுக்கு அப்படிக் காட்ட என்ன இருக்கிறது? பெயர் அதற்குள் நான்கு கை மாறியிருக்கும். கட்டணமும் ஒன்றும் குறைவில்லை, வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கு அவர்கள் பிடிப்பதும் டாலரை ரூபாயாக மாற்றுவதில் போவதும் சேர்ந்தால் 3 சதவீத எஸ்க்ரோவைத் தாண்டிவிடும். கொழுந்தன் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் இந்த ஒரு விஷயத்துக்கு அது சரிப்படாது.

எந்த எஸ்க்ரோ என்றால், டொமைன் வியாபாரத்தில் பெரும்பாலானவர்களுக்குப் பழக்கமானது எஸ்க்ரோ டாட் காம். 1999-இல் தொடங்கியது, 2015-இலிருந்து ஃப்ரீலான்சர் நிறுவனத்துக்குச் சொந்தம். நான் அதைச் சொல்வதற்குக் காரணம் வயது மட்டும் இல்லை. கலிஃபோர்னியா மாநிலத்தில் இணைய எஸ்க்ரோ நடத்த அரசு உரிமம் வேண்டும், அந்த உரிமம் அவர்களிடம் இருக்கிறது. உரிமம் கொடுக்கும் துறையின் பெயர் டி.எஃப்.பி.ஐ., அதன் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். போலி எஸ்க்ரோ தளங்களைப் பற்றிய எச்சரிக்கைகளையும் அங்கேயே போடுகிறார்கள். உங்கள் ஆள் சொன்ன கம்பெனி தன்னை அமெரிக்க எஸ்க்ரோ என்று சொல்லிக்கொண்டால், எந்த மாநிலம், என்ன உரிம எண் என்று கேளுங்கள், அந்த மாநிலத்தின் துறையில் போய்த் தேடுங்கள். கம்பெனி தன் தளத்தில் ஒட்டி வைத்திருக்கும் சான்றிதழ் படத்தை நம்ப வேண்டாம்.

அடுத்து இரண்டு நிமிட வேலை ஒன்று. இணையப் பெயர்களுக்கு விதி போடும் ஐகான் அமைப்பு நடத்தும் லுக்கப் (தேடிப் பார்க்கும்) பக்கத்தில் அந்த எஸ்க்ரோ தளத்தின் முகவரியைப் போட்டால், அந்தப் பெயர் என்று பதிவானது என்று காட்டும். "இருபது வருட அனுபவம்" என்று முகப்பில் எழுதிய தளம் மூன்று மாதத்துக்கு முன்னால்தான் பதிவாகியிருக்கிறது என்றால் மேலே யோசிக்க ஒன்றும் இல்லை. முகவரியில் எஸ்க்ரோ என்ற சொல்லுக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு கோடு, கூடுதலாக ஒரு சொல், டாட் காமுக்குப் பதில் வேறு ஏதோ வால், இவற்றையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

கட்டணம் எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்க்ரோவில் தொகை கூடக் கூட சதவீதம் இறங்கும், அதோடு குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று உண்டு. அதனால் 200, 300 டாலர் பெயருக்கு எஸ்க்ரோ வலிக்கும், 3,000 டாலருக்கு வலிக்காது. வாங்குபவர் கிரெடிட் கார்டில் கட்டினால் கட்டணம் கூடும், அவரை வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள், உங்களுக்கும் அதுதான் நல்லது. அவர்கள் தளத்திலேயே கால்குலேட்டர் இருக்கிறது, தொகையைப் போட்டால் அன்றைய கட்டணத்தைக் காட்டும், அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கட்டணத்தை யார் கொடுப்பது என்பது பேச்சில் முடிவாகும். வாங்குபவர், விற்பவர், ஆளுக்குப் பாதி, மூன்றுக்கும் அங்கே வழி இருக்கிறது. நான் பாதிப் பாதி என்றுதான் ஆரம்பிப்பேன். 90 டாலர் என்றால் உங்கள் பங்கு 45, அதாவது 3,825 ரூபாய். அவர் அதற்கும் முரண்டு பிடித்தால், "முழுக் கட்டணத்தையும் நான் தருகிறேன், ஆனால் எஸ்க்ரோ நான் சொல்வது" என்று எழுதுங்கள். மேலே சொன்ன எளிய வழி இதுதான். நிஜமாக வாங்க வந்தவருக்கு இதைவிட நல்ல பேரம் கிடைக்காது, உடனே ஒத்துக்கொள்வார். தன் பணம் ஒரு பைசா போகாது என்ற பிறகும் ஒருவர் அந்த ஊர் பேர் தெரியாத எஸ்க்ரோதான் வேண்டும் என்று நின்றால், அவர் வாங்க வரவில்லை.

சிலர் உங்களை டொமைன் சந்தையில் போட்டு விற்கச் சொல்வார்கள். ஆஃப்டர்னிக் போன்ற இடங்கள். அங்கே பணம் வசூலிப்பது, பெயரை மாற்றுவது எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், பத்திரம்தான். ஆனால் கமிஷன் 15 சதவீதம், பெயரை அவர்கள் நேம்சர்வரில் (பெயரைத் தேடி வருபவர்களுக்கு வழிகாட்டும் கணினியில்) வைக்காவிட்டால் 25. உங்கள் தொகைக்கு 450 டாலர் அல்லது 750 டாலர். ஆள் தேடித் தருவதற்கான கூலி அது. உங்களுக்கு ஆள் தானாக வந்திருக்கிறார், எதற்குக் குறைந்தது 38,250 ரூபாயை விட வேண்டும்? நாளைக்கு இந்த வியாபாரம் படியாமல் போனால் அங்கே பட்டியல் போடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

எஸ்க்ரோ சதவீதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு இடத்தில் ஒழுகுவது தெரியாது. பணம் டாலராகக் கிளம்பி உங்கள் வங்கிக்கு வரும்போது நடுவில் இருக்கும் வங்கி பதினைந்து இருபது டாலரைப் பிடித்துக்கொள்வது உண்டு. உங்கள் வங்கி சந்தை விலையைவிட டாலருக்கு ஒன்றரை ரூபாய் குறைத்துக் கொடுத்தால் அதிலேயே 4,300 ரூபாய்க்கு மேல் போகிறது, ஏறக்குறைய நீங்கள் கவலைப்படும் அந்த 60 டாலர். மாற்றும் தொகை மீது வரும் ஜிஎஸ்டி முந்நூறு ரூபாய் சொச்சம்தான், அதை விடுங்கள். வங்கிக்குப் போய், வெளிநாட்டிலிருந்து 3,000 டாலர் வந்தால் என்ன ரேட் கொடுப்பீர்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள், இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால் இரண்டிலும் கேளுங்கள். நான் பேசிப் பார்த்ததில் கேட்பவர்களுக்குக் கொஞ்சம் இறங்கி வருவார்கள். எதற்கான பணம் என்று காரணக் குறியீடு கேட்பார்கள், விற்பனை இன்வாய்ஸைக் காட்டுங்கள். பணம் வந்ததற்கான வங்கிச் சான்றைக் கேட்டு வாங்கி, எஸ்க்ரோ ரசீதோடு சேர்த்து ஆடிட்டரிடம் கொடுங்கள், வருமான வரியை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று அவர் சொல்வார்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு இதுதான் அதிகக் கவலை. அந்தப் பெயர் யார் பெயரில் இருக்கிறது? 2012-இல் கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்த பையன் தன் கணக்கிலேயே, தன் மெயில் ஐடியிலேயே வாங்கியிருப்பான். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைக்காரர்கள் எத்தனையோ பேருக்கு இதே கதை, வருடா வருடம் பணம் மட்டும் கட்டிக்கொண்டிருப்பார்கள், சாவி வேறொருவரிடம் இருக்கும். இன்றைக்கே ரெஜிஸ்ட்ரார் கணக்கில், அதாவது பெயரைப் பதிவு செய்து தந்து வருடா வருடம் பணம் வாங்கும் கம்பெனியின் கணக்கில், லாகின் செய்து பாருங்கள், உரிமையாளர் பெயர், மெயில், காலாவதி தேதி மூன்றையும் எழுதி வையுங்கள்.

பெயர் வேறு யாருடையதாகவோ இருந்தால் அவசரப்பட்டு உடனே மாற்றிவிடாதீர்கள். டாட் காமில் உரிமையாளரின் பெயரையோ மெயிலையோ மாற்றினால், வேறு ரெஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோக 60 நாள் பூட்டு விழும். 2016 டிசம்பரில் வந்த விதி அது. சில ரெஜிஸ்ட்ரார்கள் மாற்றுவதற்கு முன்னாலேயே "இந்தப் பூட்டு வேண்டாம்" என்று சொல்ல வாய்ப்புத் தருவார்கள், அந்தப் பெட்டியைத் தேடிப் பாருங்கள். பூட்டு விழுந்துவிட்டாலும் பயம் வேண்டாம். வாங்குபவரை அதே ரெஜிஸ்ட்ராரில் ஓர் இலவசக் கணக்கு தொடங்கச் சொல்லி, உங்கள் கணக்கிலிருந்து அவர் கணக்குக்குத் தள்ளிவிடலாம். இதைத்தான் புஷ் என்பார்கள், பல இடங்களில் சில நிமிடத்தில் முடிந்துவிடும். ரெஜிஸ்ட்ரார் விட்டு ரெஜிஸ்ட்ரார் மாற்றினால் ஐந்து நாள் வரை இழுக்கும். எப்படி மாற்றினாலும், மாற்றத்துக்கான ஆத் கோடு என்பது வீட்டுச் சாவி மாதிரி, எஸ்க்ரோ கணக்கில் பணம் வந்ததைக் கண்ணால் பார்க்கும்வரை அதை யாருக்கும் அனுப்பாதீர்கள், "சரிபார்க்கத்தான் கேட்கிறேன்" என்றாலும் அனுப்பாதீர்கள்.

பெயர் அப்பா பெயரில் இருந்தால் விற்பவர் அப்பாதான், எஸ்க்ரோ கணக்கும் அவர் பெயரில், பணமும் அவர் வங்கிக் கணக்குக்கு. இங்கேதான் நம் ஊர் இனிஷியல் வந்து நிற்கும். பான் கார்டில் இனிஷியலை விரித்து எழுதியிருப்பார்கள், வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும். வெளிநாட்டுக்காரர்களுக்கு மூன்றும் மூன்று ஆள். எஸ்க்ரோவில் அடையாளச் சரிபார்ப்பை வாங்குபவர் பணம் கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், வங்கிக் கணக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெயரைக் கொடுங்கள். பணம் உள்ளே வந்த பிறகு ஒரு எழுத்துக்காக இரண்டு வாரம் காத்திருந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். பணம் போகாது, ஆனால் தூக்கம் போகும்.

ஒப்பந்தம் போடும்போது, வாங்கியவர் சரிபார்க்கும் கால அவகாசத்தை ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் வையுங்கள். டொமைனில் நாள் கணக்காகச் சோதித்துப் பார்க்க ஒன்றும் இல்லை, தன் கணக்கில் வந்துவிட்டதா என்று பார்ப்பதுதான். அவர் வேண்டாம் என்று திருப்பினாலும் பெயரை உங்களுக்குத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அவருக்குப் பணம் போகும், அதனால் அங்கே பயம் இல்லை. தவணையில் தருகிறேன் என்றால், முழுப் பணமும் முடியும்வரை பெயரை எஸ்க்ரோவே வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு, ஆனால் 3,000 டாலருக்குத் தவணையெல்லாம் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

இந்தியாவிலேயே வேறு யாராவது வாங்க வந்தால் கணக்கு மாறும். பாரிமுனை ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் வீட்டுப் பத்திரத்துக்கு எப்படி டிடி கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடுவார்களோ, அதே மாதிரி நெஃப்ட்டில் பணம் வந்து உங்கள் வங்கிக் கணக்கில் தெரிந்த பிறகு புஷ் செய்துவிடலாம். ஸ்கிரீன்ஷாட், எஸ்எம்எஸ், செக், எதையும் பணமாக எண்ண வேண்டாம்.

ஏற்கெனவே அந்த லிங்க்கில் பாஸ்வேர்டோ வங்கி விவரமோ கொடுத்துவிட்டீர்கள் என்றால், பாஸ்வேர்டை இப்போதே மாற்றுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள், பணம் ஏதும் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். கொடுக்கவில்லை என்றால், இன்று இரவு ரெஜிஸ்ட்ரார் கணக்கைத் திறந்து பெயர் யாருடையது என்று பாருங்கள். நாளைக்கு அந்த ஆளுக்கு மூன்று வரி எழுதினால் போதும்: விலை 3,000 டாலர் சம்மதம், எஸ்க்ரோ டாட் காமில் நானே பரிவர்த்தனையைத் தொடங்குகிறேன், கட்டணம் பாதிப் பாதி. அவர் என்ன பதில் எழுதுகிறார் என்பதை எனக்கும் அனுப்பி வையுங்கள், பார்த்துவிட்டு அடுத்த அடியைச் சொல்கிறேன்.